தைமியின் தலைக்கு மேலே இருந்த காற்றுத் துளை

இல்போ,

நீ மறந்துவிட்டுப் போன போன் மேசையில் கிடந்து அலறியது. பள்ளி நர்ஸ் பேசினாள். நம் தைமிக்கு வகுப்பிலேயே மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். நான் அங்கேதான் ஓடுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

சால்மன் சூப் பாதிதான் வெந்திருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டேன். கார் சாவி என்னிடம். நீ பஸ்ஸில் வா. சாயங்காலம் சானா நீராவிக் குளியலுக்கு வருவதாகச் சொன்ன உன் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

பள்ளி விட்டு வரும்போது தைமியின் ஸ்வெட்டரில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று நேற்றுகூடச் சொன்னேன். "அந்தப் பள்ளிக்கூடத்தையே பராமரிக்கிறவன் நான். ரிப்பேர் உன் மூக்குலதான்" என்று சிரித்தாய். போகட்டும், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, சீக்கிரம் வா.

ஹெல்வி

வாசற்படியெல்லாம் ஐஸ். பார்த்து இறங்கு.

இன்னொன்று. நர்ஸ் போனைத் தைமியிடம் கொடுத்தாள். இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, குழந்தை இவ்வளவுதான் சொன்னாள்: "அம்மா, அப்பாவத் திட்டாதம்மா. தலையில குளிர்காத்து அடிக்குதுன்னு நான் அழுததாலதான், அவரு எங்க வகுப்புக் காத்துத் துளையெல்லாம் டேப் ஒட்டி அடைச்சாரு."