நைரோபிக் கதவடியில் சொல்லாதது

ஸ்காபரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அட்சயாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், சாப்பிடுகிறோம், நித்திரை கொள்கிறோம். நீயும் மருமகன் கஜீவனும் உடம்பு சுகத்தோடு இருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நீ போன் எடுக்கிறாயில்லை, அதனால் வேலை விஷயமாக நைரோபிக்கு வருகிற நிலாணியிடம் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே பனி விட்டபாடில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்காமல் பிளாசாவுக்கு நடந்துதான் போவார், சொன்னால் கேட்கிற ஆளா. எனக்கு ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்த சனம் என்னைக் கண்டால் ஒன்றும் கேட்பதில்லை, தெரியாத சனம் சிங்கத்தைக் கேட்கிறது. மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி, ஆபிரிக்காவில் சிங்கம் பார்த்தீங்களோ என்று கேட்டா, ஓம் என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் நான் என்ன பார்த்தேன். ஆபிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று ஸ்வெற்றரை இங்கே விட்டுவிட்டு வந்து, உங்கள் ஊர்க் குளிருக்குக் கஜீவனின் ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். முதற்கிழமை காரில் போகும்போது, பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஒரு மத்தாத்து பஸ் உரசுமாப்போல் போக நான் காதைப் பொத்தினேன், நீ நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ரோட்டு முழுக்க ஊதாப் பூக் கொட்டிக் கிடந்தது. அதுவரைக்கும்தான் எனக்கு அந்த ஊர் நிறத்தோடு நினைவிருக்கிறது. பிறகு உன் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தாள். அதற்குப் பிறகு கண்டதெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது. எனக்கு அழுகையும் வரவில்லை, இப்பவும் வரவில்லை, பல்லுப் பிடுங்க ஊசி போட்டு விறைத்த முரசு மாதிரிக் கிடக்கிறது மனது.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். இங்கேயிருந்து இடித்துக் கொண்டுவந்த பத்தியத்தூளைப் போட்டு நாள்தோறும் உனக்குக் கறி வைத்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் எதற்குப் பத்தியம் என்று நீ கேட்டாய். பிள்ளை இல்லாவிட்டாலும் அது பிள்ளை பெற்ற உடம்புதானே என்றேன், நீ சாப்பிட்டாய். பக்கத்து வீட்டுக் கென்யப் பெண் வஞ்சிரு பின்னேரங்களில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து உன் பக்கத்தில் இருப்பாள், எழும்பும்போது உன் கையைப் பிடித்து நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். சாவு நடந்த வீட்டில் நின்றுகொண்டு வருகிறேன் என்று சொல்கிறாளே, அப்படிச் சொல்லக்கூடாது பிள்ளை என்று அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல் குசினிக்குள் போய்விடுவேன்.

நேற்றுக் கஜீவன் அப்பாவோடு கதைத்தபோதுதான் விளங்கியது. நான் வெளிக்கிட்ட அன்று கதவடியில் உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதனால் அம்மாவுக்கு என்னிலே கோபம், பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று நினைக்கிறா, இனி வரமாட்டா என்று நீ அழுகிறாயாம். அட்சயா, செத்த வீட்டிலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டு போவதில்லையடி. போய் வருகிறேன், போட்டு வாறன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும், அதுதான் ஆட்கள் பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். இங்கே பிறந்த உனக்கு அது தெரியாது என்பது எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. உன் வீட்டில் இனி ஒரு கெட்டதும் நடக்கக்கூடாது, இனி வருகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ற் வரைக்கும் நடந்தேன். கோபம் எங்கே இருந்தது எனக்கு. உன் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை வாயில் வந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை.

வஞ்சிருவை யோசித்துப் பார்க்கிறேன். சொன்னாள், சொன்ன மாதிரியே வந்தாள், அவள் வந்ததால் உன் வீட்டில் ஒரு கெட்டதும் நடக்கவில்லை, நீ அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தாய். இதை அப்பாவிடம் சொன்னேன், அவர் பேனையை எடுத்துத் தந்து, அப்ப அதை அவளுக்கு எழுதன் என்றார்.

மிளகாய்த்தூளுக்குள் ஈரக் கரண்டி போடாதே. பொதியில் இருக்கிற முறுக்கு வஞ்சிருவுக்கு, உறைக்காது என்று சொல்லு. தலை முழுகினால் ஈரத்தோடு படுக்காதே. கஜீவன் தன்பாட்டில் அழுகிற பிள்ளை, அவனையும் பார்த்துக்கொள். நிலாணி வந்து போனதும் போனை எடு, கதைக்க விருப்பமில்லாவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டு இரு, நானும் இருப்பேன். நீங்கள் இருவரும் தீர்க்காயுசோடு இருக்கவேண்டும், அப்பாவும் தலையில் கை வைத்து ஆசி சொன்னதாக எழுதச் சொன்னார்.

இங்கே வெயில் தொடங்க அங்கே வந்து நிற்பேன், இந்த முறை ஸ்வெற்றரோடு. அன்றைக்குக் கதவடியில் விழுங்கியதை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். போட்டு வாறன், பிள்ளை.

உன் அம்மா
குணவதி நவரட்ணம்