மிதந்த ஈரல் துண்டு

அக்கா, இன்று காலை சின்னமனூர்ப் பக்கம் பஸ்ஸில் போனேன். கரும்புப்பால் காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. கூடவே உங்கள் நினைவும்.

எழுபதுகளின் கடைசி. ஒரே கல்லூரியில் நீங்கள் வேதியியல் ஆசிரியை, நான் விலங்கியல். உங்கள் கணவருக்குத் தேனி கடைவீதியில் வெல்ல மண்டி. மதுரையில் அவரைச் சோதித்த டாக்டர், ஈரல் வீங்கி, கொழுப்பு படிந்திருக்கிறது என்றார். எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். சாராயத்தைத் தொட்டே அறியாத மனிதர். கடைவீதி அதை நம்பவில்லை. சர்ச்சுக்கு வருவதையே அவர் நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் யாரிடமும் வாதாடவில்லை. என் ஆய்வகத்துக்கு வந்தீர்கள்.

"அவுக குடிக்கல. நாள் பூரா வெல்லத்தக் கிள்ளி ருசி பாக்குறாக. அதுதானான்னு எனக்குத் தெரியணும்."

எலிகளுக்கு வெல்லம் கொடுத்து வளர்த்தோம். பாதி எலிகளுக்கு மட்டும், வரப்பில் நீங்கள் பறித்து வந்த கீழாநெல்லியின் சாற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். சில மாதம் கழித்து ஈரல்களை எடுத்துப் பார்த்தோம். வெல்லம் மட்டும் தின்ற எலியின் ஈரல் வெண்ணெய் போல வெளுத்திருந்தது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. சாராயத்தின் வாடையே அறியாத ஈரல். நீங்கள் அந்தத் துண்டைக் கெடாதபடி ஒரு குப்பியில் மிதக்கவிட்டு மூடி வைத்தீர்கள்.

சாறு குடித்த எலியின் ஈரல் கருஞ்சிவப்பாக இருந்தது. அதன் துண்டு நேரே அடியில் போய்த் தங்கியது. காலில் மிதிபடும் ஒரு செடி இத்தனை வேலை செய்திருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்றைக்கே அவருக்கும் கொடுங்கள் என்றேன்.

"எலிக்குச் சரி. மனுசனுக்கு எம்புட்டுக் குடுக்கணும்னு தெரியலையே" என்று மறுத்துவிட்டீர்கள். வெல்லத்தை நிறுத்தி, அவரைத் தினமும் நடக்க மட்டும் வைத்தீர்கள். மறு வருடம் ஈரலின் வீக்கம் வடிந்திருந்தது. அதற்கு முன்பே ஒருநாள் அவர் ஆய்வகத்துக்கு வந்து, அந்த மிதக்கும் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அதன்பின் பல வருடம் அந்தச் செடிக்குள் இருப்பதைப் பிரித்தெடுக்க முயன்றீர்கள். ஒருநாள் கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் படிகம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். இதுதானா என்று கேட்டேன்.

"தெரியல தங்கச்சி" என்றீர்கள். ஜெபத்தில் நிற்பவரின் முகம் அது.

ஊரில் இப்போதும் யாராவது என்னிடம் ஈரலுக்குக் கீழாநெல்லி மருந்து கேட்கிறார்கள். டாக்டரிடம் அனுப்புகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்குத் தெரியல என்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஜெபத்தில் குனிவதுபோல என் தலை தானாகக் குனிகிறது, அக்கா.