அவைக்குறிப்பில் விழாத வரி

நேற்றிலிருந்து இடது தோள் கனக்கிறது மச்சி. இப்போதுதான் நீலகிரித் தைலம் தேய்த்தேன். கோட்டூர்புரம் வீடு முழுக்க உன் வாசனை. சட்டமன்றத்தில் நாம் சுருக்கெழுத்து எடுத்த அத்தனை வருஷமும் நீ இந்தத் தைலத்தோடுதான் வருவாய். நீ செத்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

ஆளுக்கு ஐந்து நிமிடம். மாற்ற வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுகிறவர் தோளில் கை வைப்பார். கை இருக்கும்வரை எழுத வேண்டும், எடுத்தால் போகலாம். நாம் இரண்டு பேரும் மீறாத வழக்கம், ஒரே ஒரு நாளைத் தவிர.

வெளிநாட்டு மோட்டாருக்கு மத்திய அரசு இறக்குமதி வரியைக் குறைக்கக் கூடாது என்று தீர்மானம் வந்த நாள் அது. நீ கதவருகே வந்ததுமே நான் எழுந்துவிட்டேன். கேண்டீனில் கேசரி தீர்ந்துவிடுமாம். அந்த இடைவெளியில்தான் கிண்டி மோட்டார் கம்பெனி பற்றி அமைச்சர் சொன்னார், ஒருத்தர் வேலையும் போகாது, அரசு பொறுப்பு என்று. இயந்திரப் பதிவில் வெறும் கூச்சல். குறிப்பில் இருந்தால்தான் அவர் சொன்னது சொன்னதாகும். அந்தக் கம்பெனியை மூடியபோது அந்த வரியைத் தேடி வந்தவர்களில் உன் தம்பியும் ஒருவன்.

"நீ எழுந்துட்ட, நான் இன்னும் குந்தல. வுடு மச்சி, தம்பியாண்ட நான் பேசிக்கிறேன்" என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று மறுபடியும் அதே விவாதம், இந்த முறை பம்புசெட்டுக்கு. உன் தம்பி இப்போது பெருங்குடியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் இருக்கிறான். என் ஐந்து நிமிடம் முடிந்தது. பக்கத்து நாற்காலி இழுபடும் சத்தம். குனிந்து எழுதுகிறவனுக்கு யாரென்று பார்க்க ஏது நேரம்? இடது தோளில் கை விழுந்தது. நல்ல கனம், தைல வாசனை. அமைச்சர் எழுந்து, ஒருத்தர் வேலையும் போகாது, அரசு பொறுப்பு என்றார். அட்சரம் பிசகாமல் அதே வரி. எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் கதவு திறந்தது. என்னை மாற்ற வேண்டிய பெண் ஓடி வந்தாள்.

"சாரி சார், லிஃப்ட் நின்னுபோச்சு."

அவள் வந்து உட்காரும்வரை அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவளும் கை வைத்து, எடுத்தாள். வெளியே வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை அந்தப் பக்கத்தை உன் தம்பிக்கு அனுப்பினேன். அன்று எழுந்தது நான்தான் என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள் மச்சி. நீ இன்னும் எடுக்கவில்லை.