பெட்டியின் நிறை

ஒக்ரோபர் 12, ஞாயிறு. பிராண்டே

நிலுஷா போகத்தான் போகிறாள். மகள் வினோதாவின் பிள்ளை, ஆஸ்பத்திரித் தாதி. ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு சேர்ச்காரரோடு பப்புவா நியூகினிக்கு. றோட்டில்லாத மலையூர்களுக்குச் சின்னப் பிளேனில் போய் மருந்து கொடுப்பார்களாம், கடும் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவார்களாம்.

பூசை முடிந்து எல்லாரும் அவளுக்காகச் செபித்தார்கள். தூரம் போகிற பிள்ளைக்கு வீட்டில் மூத்தவர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். வினோதா என்னைப் பார்த்தாள். கால் நோகிறது என்றேன், எழும்பவில்லை.

கால் நோகவில்லை. பறந்து வந்து உதவி செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒக்ரோபர் 13

எழுதியே வைக்கிறேன். 1978, புயல் வருசம். வாவிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர், பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ஐந்தாம் நாள் மிசன்காரரின் ஹெலி மருந்தோடு வந்து இறங்கியது, வருத்தக்காரரை ஏற்றிப் போகவும்தான். என் மூத்தவன் லோரன்சுக்கு இரண்டு வயது, காய்ச்சல். பக்கத்து வீட்டு மரியம்மாவும் தன் பெட்டைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

கதவடியில் ஒரு வெள்ளைக்காரச் சுவாமி, மிசன் பாதிரியார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. மரியம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றினார். என் பக்கம் கையை நீட்டினார், இல்லை என்று தலையாட்டினார். என் ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் தகரப் பெட்டி. போ என்கிறார் என்று விளங்கியது. பின்னுக்கு வந்தேன்.

நாலு நாளில் லோரன்ஸ் போய்விட்டான்.

மரியம்மாவும் இப்போது இந்த நாட்டில்தான், எஸ்பியர்க் பட்டினத்தில் இருக்கிறாள். வருசம் தவறாமல் முப்பத்தொரு நத்தார் வாழ்த்து மட்டை அனுப்பியிருக்கிறாள். ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை.

ஒக்ரோபர் 19

நிலுஷா போய்விட்டாள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நவம்பர் 4

நிலுஷா போனில் வந்தாள், முகம் தெரிந்தது. வெயிலில் கறுத்துப்போயிருக்கிறாள். அங்கே ஏறுகிற ஆளையும் தராசில் நிறுப்பார்களாம். ஆட்டிறைச்சி மாதிரியோ என்று கேட்டேன். சிரித்தாள். ஓடுபாதை கட்டையாம், நீளம் போதாதாம், ஒரு கிலோ கூடினாலும் மலையில் இடித்துவிடுமாம். எழுபத்திரண்டு கிலோ என்று எல்லாருக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னார்களாம் இவளை.

சிலுவையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நிலுஷா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு தாய் வருத்தக்காரப் பிள்ளையோடு வந்தாளாம். முதுகில் ஒரு மூட்டை கிழங்கு. பிளேன் ஓட்டுகிறவர் கையை நீட்டித் தலையாட்டினாராம். தாய் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாளாம்.

"அவர் மூட்டையைத்தான் காட்டினவர் அம்மம்மா. அவ தன்னைப் போகச் சொல்றார் எண்டு நினைச்சிட்டா. நான் ஓடிப்போய்ப் புடிச்சி இழுத்துக்கொண்டு வந்தன்."

பிள்ளை சுகமா என்று கேட்டேன். சுகமாம்.

போனை வைத்துவிட்டேன். அவள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 17

கையை நீட்டினவர். ஓம். எங்கே நீட்டினவர்? என் முகத்துக்கா, கீழேயா? பொத்தான் இல்லாதது ஞாபகம் இருக்கு. விரல் போன பக்கம் ஏன் ஞாபகம் இல்ல?

பெட்டியை விட்டிருந்தா —

இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனிசன். அந்தச் சத்தத்தில என்ன கேட்கும்? மரியம்மா வெறுங்கையோடதான் ஏறினவள். அதையும் இண்டைக்குத்தான் நினைக்கிறன்.

நவம்பர் 18

மரியம்மாவின் நத்தார் மட்டையின் பின்னால் நம்பர் இருந்தது. எடுத்தேன். நான் இன்னார் என்று சொன்னதும் மரியம்மா அழுதாள். அழ விட்டுவிட்டுக் கேட்டேன், சுவாமி எதைக் காட்டினவர் என்று.

"கிறேசக்கா, நான் திரும்பிப் பாக்கல்ல. பாத்திருந்தா இறங்கியிருப்பன்."

பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

நவம்பர் 20

வினோதா வேலைக்குப் போனபிறகு அந்தத் தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்து எடுத்தேன். அன்றைக்கு இருந்ததெல்லாம் இன்றைக்கும் இருக்கிறது: கலியாணக் கூறை, காணி உறுதிப் பத்திரம், பித்தளைச் செம்பு இரண்டு, லோரன்சின் கிளினிக் மட்டை. குளியலறைத் தராசில் தூக்கி வைத்தேன்.

பதினொரு கிலோ.

கிளினிக் மட்டையில் கடைசியாக எழுதின நிறை இருபத்தொரு இறாத்தல். கிலோவில் எவ்வளவு என்று பின்னேரம் வினோதாவிடம் கேட்டேன். போனில் பார்த்து, ஒன்பதரை என்றாள். என்னது அம்மா என்று கேட்டாள். ஒரு பிள்ளை என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுபத்தெட்டில் புயல் அடித்த நாள். நிலுஷா பிளேனில் வெளிக்கிட முதல் போன் எடுத்தாள். பின்னால் பிளேன் நிற்கிறது. நெற்றியைக் கிட்டக் கொண்டுவா புள்ள என்றேன். போன் கண்ணாடியில் அவள் நெற்றிமேல் பெருவிரலால் சிலுவை போட்டேன். போன் நின்றுபோயிற்று.

திரும்பவும் எடுத்தாள். "என்னத்த அமத்தினீங்க அம்மம்மா?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள்.

இந்தமுறை கண்ணாடியில் விரல் படாமல் போட்டேன்.