அண்ணன் கையில் ஒரு பொத்தான்

ஜூன் 3

வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பட்டு இடது கட்டைவிரலில் கொப்புளம். திங்கட்கிழமை கடைக்குப் போயாக வேண்டும். முதலாளியம்மா, "அன்னிக்கும் வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன், தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டார். எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடைதான். ஆனாலும் தெருவைத் தாண்டிவிட்டால் அண்ணனுக்கு என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து மூன்று மாதம். பேச்சு போயிற்று, வலப்பக்கம் போயிற்று. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன், ஒரு வாய் தண்ணீருக்கு என் காலடிச் சத்தத்தை எதிர்பார்த்துக் கிடக்கிறான்.

வெளியூரிலிருந்து அக்கா தினமும் போன் செய்கிறாள். "ஒத்தையா எப்படிடி சமாளிப்ப? ஹோம்ல நர்ஸ் இருக்காங்க. மாசக் கடைசில வண்டியோட வர்றேன்." என்னால் முடியும் என்று அதற்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள்.

போனைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வழவழப்பில் அவனுடைய இடக்கை விரல் நிற்கவே இல்லை. ஒரே ஒரு பொத்தான் போதும். அவன் அமுக்கினால் கடையில் என் மேஜையில் மணி அடிக்க வேண்டும். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு மறுபடி மூட்டுகிற பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இதைக்கூடச் செய்ய முடியாதா என்ன?

ஜூன் 5

முடியவில்லை. வாசற்படி வரை மணி அடிக்கிறது. தெருவில் இறங்கினால் மூச்சுக் காட்டவில்லை. நாலு முறை பிரித்து நாலு முறை பற்றவைத்தாயிற்று. அழுகை வருகிறது.

ஜூன் 6

பார்ட்ஸ் கடைக்காரரிடம் போனேன். இருப்பதிலேயே மலிவான ரிமோட், மணி செட்டைத்தான் அவரிடம் வாங்கியிருந்தேன். "மட்டமான சாமான் இல்லம்மா. ஏரியல் எங்க? பதினேழு சென்டிமீட்டர் வயர நேரா நீட்டி விடுங்க, சுருட்டாதீங்க" என்றார். உள்ளே இருந்த சில்லின் (சிப்) ஒரு பக்கத்தில் எட்டுக் கால்கள் சும்மா இருப்பதைக் காட்டிக் கேட்டேன். "அது பூட்டு மாதிரி. ரிமோட்லயும் மணிலயும் ஒரே மாதிரி இருந்தா பேசிக்கும். ஒண்ணுத்தையும் இணைக்காம விட்டாலும் வேலை செய்யும்." விட்டுவிட்டேன். இருக்கிற அவசரத்தில் எட்டுக் கால்களுக்கு யார் சால்டர் வைப்பது?

ஜூன் 8, ஞாயிறு

அடித்தது. பூட்டிக் கிடந்த கடையின் படியில் மணியோடு நின்றேன். சோப்பு டப்பாவில் அடைத்த பொத்தான் வீட்டில் அவன் கையில். அடித்தது, விட்டது, மறுபடி அடித்தது. ஓடி வந்து சொன்னபோது பாதி வாயால் சிரித்தான். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

ஜூன் 9

முதல் நாள். ஆறு முறை அடித்தது. ஆறு முறையும் ஓடினேன். போய்ப் பார்த்தால் சும்மா படுத்திருக்கிறான். "என்னண்ணா வேணும்?" ஒன்றும் இல்லை, விழிக்கிறான். புதுப் பொம்மை, அமுக்கிப் பார்க்கிறான் போலிருக்கிறது. பார்க்கட்டும்.

ஜூன் 11

எரிந்து விழுந்துவிட்டேன். நூறு பக்க நகல் பாதியில் நிற்கிறது, வாடிக்கையாளர் முறைக்கிறார், மணி. ஓடினால், ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்காரவில்லை, மறுபடி மணி. "உனக்கு வெளையாட்டா இருக்கா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் இத அமுக்குறியா? இனிமே சும்மா சும்மா தொட்டே, புடுங்கிடுவேன்." தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல வந்தான். அந்தக் குழறல் என்னவென்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 12

இன்று ஒன்பது. முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜூன் 13

என்ன காரியம் செய்துவிட்டேன்.

காலை பத்தரைக்கு மணியின் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். ஒரே ஒரு காலைப் பொழுது நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றுதான். சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் அவன் தரையில் கிடக்கிறான். நெற்றியில் ரத்தம். வேட்டியெல்லாம் நனைந்திருக்கிறது. பாத்ரூமுக்குத் தானே போகப் பார்த்திருக்கிறான். டப்பா கையிலேயே இருந்தது. கட்டைவிரல் அப்போதும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டிருக்கான். எவ்வளவு நேரம் கூப்பிட்டானோ. நான் அங்க உக்காந்து நகல் எடுத்துக்கிட்டிருந்தேன்.

ஜூன் 14

நெற்றியில் மூன்று தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அக்காவிடம் மறைக்கத் தெரியவில்லை. "போதும்டி, இனிமே நீ பேசாத. இருபத்தெட்டாம் தேதி வர்றேன்" என்றாள். என்னைப் பார்த்தாலே அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

ஜூன் 17

பக்கத்துக் குடியிருப்பின் காவலாளி ஒரு புகார்க் கடிதத்தை நகல் எடுக்க வந்தார். கேட் ரிப்பேர்க்காரருக்காம். "ரிமோட்ல தொறக்குற கேட்டும்மா. இப்ப யாரும் அமுக்காமலே தொறக்குது. போன வெள்ளிக்கிழமை கேளுங்க, பதினொரு மணிலேர்ந்து அரை மணி நேரம் தொறந்து மூடுது, தொறந்து மூடுது. பேய் புடிச்ச மாதிரி."

அவரிடமிருந்த ரிமோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன்.

அந்தக் கேட்டின் ரிமோட்டிலும் இதே மலிவுச் சில்லுதான். அதைப் பொருத்தியவரும் என்னைப் போலவே எட்டுக் கால்களையும் சும்மா விட்டிருக்கிறார். அங்கே ஒவ்வொரு கார் வந்து போகும்போதும் இங்கே என் மணி அடித்திருக்கிறது. அண்ணன் அமுக்கவே இல்லை. ஒரு முறைகூடச் சும்மா அமுக்கியிருக்க மாட்டான். தலையை ஆட்டி ஆட்டி அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவன் அரை மணி நேரம் கூப்பிட்டதை ஒரு இரும்புக் கேட் கேட்டிருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஜூன் 18

மூன்று கால்களை இணைத்து, ஐந்தை விட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தேன். பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம். கார்கள் போய் வந்தன, மணி அடிக்கவில்லை. காவலாளியிடமும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பேய் நீங்கதானா?" என்று சிரித்தார்.

அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீ அமுக்கலண்ணா. தப்பு என்னுது. மன்னிச்சிரு." கண்ணைத் திறக்கவில்லை. டப்பாவை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பிடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

ஜூன் 19

மணி அடிக்கவில்லை.

ஜூன் 21

அடிக்கவில்லை. பழுதோ என்று ஓடிப்போய் நானே அமுக்கிப் பார்த்தேன். நன்றாக அடிக்கிறது. தொண்டை வறண்டு, உதடு வெடித்துக் கிடக்கிறான். எட்டும் தூரத்தில் பொத்தான். தொட மாட்டேன் என்கிறான். மணி ஓயாமல் அடித்த நாட்களே தேவலை.

ஜூன் 24

ஹோமிலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஒருமுறை கேட்டுவிடலாம் என்று போனேன். "அண்ணா, அக்காவோட போறியா? இங்க இருக்கியா?" சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் முகத்தில் விழிக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. எந்த உரிமையில் இழுத்துப் பிடிப்பது? கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 28

பத்து மணிக்கு வண்டி வந்தது. அக்கா, கூட இரண்டு பணியாளர்கள். அவன் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்து மெஷின் முன்னால் நின்றுகொண்டேன்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது.

விட்டு விட்டு அடிக்கவில்லை. ஒரே இழுப்பு. நிற்கவில்லை. எதற்கு என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "ஓடு, நான் பாத்துக்கிறேன்" என்றார் முதலாளியம்மா. நான் அதற்குள் நடுத்தெருவில் இருந்தேன்.

இரண்டு பேரும் அவனைக் கட்டிலிலிருந்து பாதி தூக்கியிருந்தார்கள். இடக்கையில் டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். அக்கா அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுடா தம்பி, இது அங்க வேலைக்கு ஆகாது." விரல் நகங்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அமுக்கியிருந்தான். என்னைப் பார்த்தான். கண்ணை மூடவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அப்பால் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"எறக்குங்க" என்றேன்.

"என்னடி சொல்ற? நாளைக்கு மறுபடி விழுந்தான்னா?"

"கூப்பிடுவான். நான் வருவேன். அவன எறக்கச் சொல்லுக்கா."

அக்கா என்னைத் திட்டினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து போய்க் காபி போட்டாள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. அண்ணனின் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து நான்தான் மெதுவாக எடுத்துவிட்டேன்.

ஜூலை 19

ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பார்ட்ஸ் கடைக்காரரால் நம்ப முடியவில்லை. "ஒரு வருஷம் வர வேண்டியதும்மா. ஒண்ணரை மாசத்துல எப்படி?" நேற்று மட்டும் பதினான்கு முறை. தண்ணீர், தலையணை, ஜன்னல் கதவு, மறுபடி தண்ணீர், ரேடியோவில் பாட்டு சரியில்லையாம். பதினான்காவது எதற்கென்று கடைசி வரை புரியவில்லை. "உயிர வாங்குறண்ணா நீ" என்றேன். பாதி வாயால் சிரிக்கிறான்.

ஆறு பேட்டரி வாங்கி வந்தேன்.