பக்கத்துக் கட்டில்

என் பேத்திக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை, ஆகையால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் என் எழுத்து கோணாது.

பல்கலைக்கழக மலரில் நீ எழுதியதை நாலு முறை படித்தேன். மெஸ்ஸில் ஆயிரம் பேர் ஒரே வரிசையாம். யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லையாம். நம் காலனி சுகுமார் மகள் எஸ்தருக்கு ஹாஸ்டலில் உன் பக்கத்துக் கட்டிலாம், இரண்டு பேருக்கும் ஒரே தட்டாம்.

சுகுமார் குடியிருப்பது நம் நிலத்தில். கூப்பிட்டு, "மவள இட்டுக்கினு வா, இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு" என்றேன்.

"ஒரு வருசந்தாம்மா பாக்கி கீது, பரிச்ச எய்திட்டு வந்துடட்டும்" என்று காலில் விழுந்தான்.

"நாத்து நட்றதுக்கு இன்னாத்துக்குடா பரிச்ச?" என்றேன்.

மறுநாளே பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இப்போது நம் ஏரிக்கரைக் கழனியில் நடுகிறாள். வரிசை கோணுவதில்லை.

எனக்கும் டவுன் ஸ்கூலில் ஆறாவதில் சேர இடம் கிடைத்தது. அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே பெஞ்சு என்று தெரிந்ததும், நைனா என் சிலேட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டார். வகுப்பில் நான்தான் முதல். நான் அழவில்லை. கல்யாணச் சீரோடு அந்தச் சிலேட்டையும் இந்த வூட்டுக்குக் கொண்டு வந்தேன், அவ்வளவுதான். நீயும் அழாதே.

நீ நன்றாகப் படி. அந்தக் கட்டிலுக்கு வேறு பெண் வருவாள். எந்தத் தெரு என்று முதலில் கேள்.

எஸ்தரின் புத்தகப் பெட்டியை வாங்கிப் பரணில் வைத்துவிட்டேன், என் சிலேட்டுக்குப் பக்கத்திலேயே.

உன் ஆயா