டான்யூப் கரையில் எனக்கொரு கோட்டை

மார்ச் 6, 1934
இன்றும் என் புருவத்தைத் திருத்தினார்கள். சிக்ரூனுக்கு என்ன வளைவோ அதே வளைவு எனக்கும். அவள் நார்வேக்காரி, நான் ஹங்கேரிக்காரி. ஹாலிவுட்டுக்கு இரண்டும் ஒரே சரக்கு. சம்பளம் கூட்டிக் கேட்டால் மிரட்டுவதற்கு அவளுக்கு நான், எனக்கு அவள். இப்போது ராணி வேடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. விளம்பரக்காரர்கள் அவளைக் கப்பல் முதலாளி மகளாக்கினார்கள். எனக்கு டான்யூப் கரையில், காகிதத்திலேயே, ஒரு பரம்பரைக் கோட்டை கட்டிக் கொடுத்தார்கள்.

மார்ச் 9
மதியச் சாப்பாட்டில் சிக்ரூன் உப்பு மீனைக் கட்டைவிரலால் கீறி, முள்ளை ஒரே இழுப்பில் உருவினாள். பக்கத்தில் கிசுகிசு எழுதும் திருமதி லட்லோ. நான் சும்மா இருந்திருக்கலாம். "மீன் ஆஞ்ச கை மாதிரி இல்ல?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

மார்ச் 14
லட்லோ தோண்டி எடுத்துவிட்டாள். சிக்ரூனின் அப்பா மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் கூலியாள். 'மீன்காரன் மகள்' என்று தலைப்பு. படத்தளத்தில் அவள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை — பார்க்க முடியவில்லை.

மார்ச் 17
ராணி வேடம் எனக்கு. சந்தோஷம் வரவில்லையே, ஏன்?

மார்ச் 24
விருந்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிரபு ஒருவர். "எந்தக் கோட்டைங்க? எங்க பக்கம் எனக்குத் தெரியாத கோட்டையே கிடையாதே." லட்லோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சிக்ரூன் நடுவில் வந்தாள். "நான் தங்கியிருக்கேனே! பாதிக் கூரை இல்ல, ஒரே குளிரு. நீங்க மாட்டுக்கொட்டாய்னு நெனச்சுத் தாண்டிப் போயிருப்பீங்க." பிரபுவே சிரித்துவிட்டார்.

கைகழுவும் அறையில் அழுதேன். ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டேன். "நீ துண்டை மடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ உதறுவே. அம்மா துணி வெளுக்கிறவங்கதானே? மொத நாளே தெரியும்டி."

மொத நாளே! தெரிஞ்சும் வாயைத் திறக்கல. நான்? ஒரே ஒரு மீனைப் பார்த்ததும்... சீ, என்ன பொம்பள நான்!

மார்ச் 25
லட்லோவுக்கு போன் செய்தேன். என் அம்மா வண்ணாத்தி, கோட்டை பொய், எழுதுங்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "போ கண்ணு, அவமேல பாவப்பட்டுப் பேசுறியா? அங்க தங்கினேன்னு அவளே சொல்லிட்டாளே. மீன்காரன் மகள்னு எழுதினப்பகூட இல்லைன்னு சொல்லாதவ. அவளுக்குப் பொய் வராது."

ஏப்ரல் 2
சிக்ரூன் இன்று நார்வேக்கே திரும்பக் கப்பல் ஏறினாள். எனக்குக் கிரீடம் வைத்துப் பார்த்தார்கள். அவள் தலைக்கென்று செய்தது. எனக்கும் கச்சிதமாக இருக்கிறது.